இதயக் குழாயில் ரத்தக் கட்டி: பென்னாகரத்தில் கரைப்பது, கேத் லேபில் உறிஞ்சி எடுப்பது

மாரடைப்பு நோயாளியின் இதயக் குழாயிலிருந்து ரத்தக் கட்டியை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. நரம்பில் ஊசி போட்டுக் கரைக்கலாம். அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு பலூன், ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல்) வைத்து வழியைத் திறக்கலாம், தேவைப்பட்டால் கட்டியையே உறிஞ்சி வெளியே எடுக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எது முதலில் என்பதைப் பெரும்பாலும் சாலைதான் முடிவு செய்கிறது. தெற்கே போனால் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம், வடக்கே போனால் ஓசூர், அதற்கப்பால் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு. இந்தக் குறிப்பு தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர், செவிலியர், 108 பணியாளர், கேத் லேப் (இதயக் குழாயைப் படம் பார்த்தபடி திறக்கும் கூடம்) டெக்னீஷியன் ஆகியோருக்கானது.

முதலில் கட்டியைப் பற்றி. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்ததும் அங்கே முதலில் ஒட்டுவது தட்டணுக்கள். அந்தப் பகுதி வெள்ளையாக இருக்கும். அதன் மேல் ஃபைப்ரின் இழைகள் வலை பின்னி, சிவப்பணுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்றுபோன குழாயில் கட்டியை நீளமாக வளர்க்கின்றன. கரைக்கும் ஊசி வேலை செய்வது இந்த ஃபைப்ரின் வலை மீதுதான். தட்டணுக்கள் மீது அல்ல. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கூடவே போக வேண்டிய காரணம் இதுதான். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வலை இளசாக இருக்கும், ஊசி நன்றாக வேலை செய்யும். நேரம் போகப் போக இழைகள் இறுகிவிடும். அதே கட்டி 12 மணி நேரம் கழித்து உறிஞ்சு குழாய்க்கும் சுலபமாக வராது.

ஊசியா, வண்டியா

நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி. சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், ஏப்பம் வந்தது என்று வீட்டார் சொல்வதை வைத்து அது வாயு என்று தீர்மானிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சு முட்டலும் மட்டும் வரலாம். இசிஜியில் இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி (மாரடைப்பில் மேலெழும் கோட்டுப் பகுதி) உயர்ந்திருந்தால் வலப்பக்கம் வி4ஆர் லீடும் எடுங்கள். வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் நாக்கின் கீழ் நைட்ரேட் மாத்திரை வைப்பது ரத்த அழுத்தத்தைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

எஸ்டி உயர்வு உறுதியானதும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள். அந்த நொடியிலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் இதயக் குழாய்க்குள் விடும் மெல்லிய வயர் கட்டியைத் தாண்ட முடியுமா? முடியும் என்றால் நேராக அனுப்புங்கள். முடியாது என்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்தால், தடை ஏதும் இல்லையென்றால், அங்கேயே ஊசி. இந்தக் கணக்கில் தவறு நடப்பது ஓர் இடத்தில்தான்: வண்டி ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுவார்கள். வண்டி வந்து சேரும் நேரம், ஆளை ஏற்றும் நேரம், அங்கே கேத் லேப் குழு தயாராகும் நேரம் எல்லாம் அந்த 120-க்குள் அடக்கம்.

தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரத்தில் இரவு 9 மணிக்கு இசிஜி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வண்டி வந்து கிளம்ப 20 நிமிடம். தர்மபுரி சுமார் 30 கி.மீ., 45 நிமிடம். அங்கிருந்து சேலம் சுமார் 65 கி.மீ., தொப்பூர் இறக்கத்தில் லாரி எதுவும் குறுக்கே கிடக்காத நாளில் 75 நிமிடம். அங்கே மேசையில் ஏற்றி வயர் போட 30 நிமிடம். கூட்டினால் 170. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஊசிதான். கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து ஓசூர் சுமார் 50 கி.மீ. அந்தக் கணக்கு 110 நிமிடம் அளவில் வந்து விளிம்பில் நிற்கும். மறுமுனையில் கேத் லேப் திறந்திருக்கிறது, குழு இருக்கிறது என்று போனில் உறுதியான பிறகே ஊசியைத் தவிர்க்கலாம். ஓசூர் நகரத்துக்குள்ளேயே வலி வந்தவருக்கு நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிதான் சரி. அஞ்செட்டி, சித்தேரி மலை, வத்தல்மலைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இசிஜி எடுக்கும் இடத்துக்கு வரவே நேரம் போயிருக்கும், ஆகவே வலி தொடங்கிய நேரத்தைத் துருவிக் கேளுங்கள். ‘காலையிலிருந்து’ என்ற பதில் போதாது. மாடு கறக்கும் முன்பா, பின்பா என்று கேட்டால் நேரம் சரியாக வரும்.

எந்த வழியானாலும் முதல் மாத்திரைகள் ஒன்றேதான். ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க வேண்டும், அப்படியே விழுங்கினால் ரத்தத்தில் ஏற நேரமாகும். கூடவே க்ளோபிடோக்ரெல் 300 மி.கி., அடார்வாஸ்டாடின் 80 மி.கி. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி இந்த லோடிங் டோஸ் (முதலில் தரும் பெரிய அளவு) ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஊசி போடப்போகும் நோயாளிக்கு வயது 75-க்கு மேல் என்றால் க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. போதும். க்ளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளான டிகாக்ரெலார், பிரசுக்ரெல் இரண்டையும் கரைக்கும் ஊசியோடு சேர்த்துத் தொடங்க வேண்டாம்.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை: எப்போதாவது மூளைக்குள் ரத்தம் கசிந்ததா, கடந்த 6 மாதத்தில் பக்கவாதம் வந்ததா, மூளையில் கட்டி உண்டா, ஒரு மாதத்துக்குள் தலையில் அடி, பெரிய அறுவை, ரத்த வாந்தி அல்லது கறுப்பு மலம் உண்டா, ரத்தம் உறையாத நோய் உண்டா. வலி முதுகுப் பக்கம் கிழிப்பதுபோல் பாய்ந்து, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறு வேறாக இருந்தால் மகாதமனி கிழிந்திருக்கலாம். அவருக்கு இந்த ஊசி எமன். மேல் அழுத்தம் 180-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

கரைக்கும் மருந்தான டெனெக்டெப்ளேஸை எடைக்கு ஏற்ற அளவில் ஒரே தடவையாகப் போட வேண்டும். 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., 60 முதல் 69 வரை 35, 70 முதல் 79 வரை 40, 80 முதல் 89 வரை 45, 90-உம் அதற்கு மேலும் 50. 75 வயதைத் தாண்டியவருக்கு அதில் பாதி. 5 முதல் 10 நொடிக்குள் செலுத்திவிட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடிய அதே லைனில் போட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும். முதலில் நார்மல் சலைனால் லைனைக் கழுவுங்கள், ஊசிக்குப் பிறகும் கழுவுங்கள். இன்னொரு கரைக்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டுமே கையிருப்பில் இருந்தால் 15 லட்சம் யூனிட்டை 100 மி.லி. சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்தில் ஓட்டுங்கள். குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைக்கும். உள்ளங்கையில் உருட்டினால் போதும். ஓடும்போது அழுத்தம் விழுந்தால் மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, காலை உயர்த்தி, சலைன் கொடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஒருமுறை ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவருக்கு மறுபடி அதைப் போடக் கூடாது.

டெனெக்டெப்ளேஸோடு இனாக்ஸபாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) 30 மி.கி. நரம்பில், பிறகு கிலோவுக்கு 1 மி.கி. தோலடியில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 75-ஐத் தாண்டியவருக்கு நரம்பு ஊசி இல்லை, தோலடியில் கிலோவுக்கு 0.75 மி.கி. கொடுத்த நேரத்தை நிமிடம் உட்படப் பரிந்துரைச் சீட்டில் எழுதுங்கள். கேத் லேபில் அதே வகை மருந்தான ஹெபரின் போடலாமா கூடாதா என்பது அந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் இரண்டு பிழைகள். ஊர் கிளினிக்கில் ‘வலி ஊசி’ என்று இடுப்பில் டைக்ளோஃபினாக் போட்டு அனுப்புவது முதலாவது. கரைக்கும் மருந்து ஏறியதும் அந்த ஊசித் துளையைச் சுற்றித் தசைக்குள் ரத்தம் கட்டி, இடுப்பு கல்லாக வீங்கும். அந்த மருந்தும் இதயத்துக்கு நல்லதல்ல. நெஞ்சு வலிக்குத் தசை ஊசியே வேண்டாம். இரண்டாவது, வலது மணிக்கட்டில் வென்ஃப்ளான் (நரம்பில் விட்டு வைக்கும் ஊசிக் குழல்) குத்துவது. அடுத்த சில மணி நேரத்தில் ஆஞ்சியோவுக்கு அந்த மணிக்கட்டுதான் வேண்டும். இடது முன்கையில் போடுங்கள்.

ஊசி போட்டாயிற்று, வலி குறையட்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதும் தவறு. ஊசி போட்ட கையோடு வண்டியில் ஏற்றுங்கள். 60 முதல் 90 நிமிடத்தில் மறு இசிஜி: மிக அதிகம் உயர்ந்திருந்த லீடில் எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, வலி தொடர்கிறது என்றால் கட்டி கரையவில்லை. போய்ச் சேர்ந்ததும் உடனே ஆஞ்சியோ. இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்ய வேண்டும், ஏனென்றால் கட்டிதான் கரைந்தது, வெடித்த திட்டு அங்கேயேதான் இருக்கிறது.

மேசையில்: உறிஞ்சலாமா, வேண்டாமா

கட்டி இருக்கிறதே, எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். 2008-இல் நெதர்லாந்தில் 1,071 பேரிடம் நடந்த டபாஸ் ஆய்வும் அப்படித்தான் சொன்னது. அதற்குப் பிறகு 7,244 பேரிடம் நடந்த டேஸ்ட் ஆய்விலும் (2013), 10,732 பேரிடம் நடந்த டோட்டல் ஆய்விலும் (2015) எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்சுவதால் உயிரிழப்பு குறையவில்லை. டோட்டல் ஆய்வில் உறிஞ்சியவர்களில் 30 நாளுக்குள் பக்கவாதம் 0.7 விழுக்காடு, உறிஞ்சாதவர்களில் 0.3. இதனால் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இரண்டும் வழக்கமாக உறிஞ்சுவதை இப்போது விலக்குகின்றன.

அப்படியானால் உறிஞ்சு குழாயைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாமா? வேண்டும், பொறுக்கி எடுத்த சிலருக்கு. வயர் தாண்டியதும் அல்லது 1.5, 2 மி.மீ. பலூனால் லேசாக ஒருமுறை வழி செய்ததும் மறுபடி படம் எடுங்கள். குழாயின் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் நீளமான கட்டி மிதப்பது தெரிந்தால், அதுவும் அகலமான வலது கரோனரியிலோ (வலப்பக்க இதயக் குழாய்) எல்ஏடியின் (இடப்பக்கத்தின் முன் குழாய்) தொடக்கத்திலோ இருந்தால், உறிஞ்சுவதில் பொருள் இருக்கிறது. அங்கே நேராக ஸ்டென்டை விரித்தால் கட்டி நசுங்கித் துகளாகிக் கீழே போய் நுண்குழாய்களை அடைக்கும். மாறாக, வயர் போட்டதுமே ஓட்டம் நன்றாக வந்துவிட்டது, கட்டி சின்னது என்றால் கையை வைக்காமல் ஸ்டென்டுக்குப் போங்கள். 2 மி.மீ.க்கும் சிறிய குழாயிலும், கூர்மையாக வளைந்து சுண்ணாம்பு படிந்த குழாயிலும் உறிஞ்சு குழாயைத் தள்ள வேண்டாம்.

உறிஞ்சும் முறை

மேசையில் இருக்க வேண்டியவை: 6 பிரெஞ்சு (2 மி.மீ. தடிமன்) கைடு கதீட்டர் (மற்றக் கருவிகள் உள்ளே போகும் வழிக்குழாய்), 0.014 அங்குல வயர், எக்ஸ்போர்ட் அல்லது த்ராம்பஸ்டர் போன்ற 6 பிரெஞ்சு உறிஞ்சு குழாய், அதோடு வரும் பூட்டு சிரிஞ்சுகள் இரண்டு, ஸ்டாப்காக் (திறந்து மூடும் திருகு), சல்லடைக் கூடை, ஹெபரின் கலந்த சலைன் கிண்ணம்.

ஹெபரின் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட், அதாவது 60 கிலோ ஆளுக்கு 4,200 முதல் 6,000. ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நொடிகள்) 250-ஐத் தாண்டிய பிறகே உறிஞ்சு குழாய் உள்ளே போக வேண்டும். தட்டணுக்களைத் தடுக்கும் டைரோஃபிபான் போன்ற மருந்தும் சேர்ந்தால் ஹெபரின் 50 முதல் 70 யூனிட், ஏசிடி 200 முதல் 250 போதும். ஹெபரின் குறைவாக இருந்தால் உறிஞ்சு குழாய்க்குள்ளேயே புதுக் கட்டி உருவாகும். ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றை விட்டு வருவோம். 8 மணி நேரத்துக்குள் இனாக்ஸபாரின் போட்டு வந்தவருக்கு ஹெபரின் சேர்க்க வேண்டாம். அந்தச் சீட்டை இப்போது பாருங்கள்.

உறிஞ்சு குழாயைச் சலைனால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டாப்காக்கை மூடி, சிரிஞ்சை முழுதும் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். இப்போது சிரிஞ்சுக்குள் வெற்றிடம் தயார். வயர் மீது குழாயை ஏற்றி, அதன் முனைக்குறி கட்டிக்கு 1 அல்லது 2 செ.மீ. முன்னால் வரும்வரை கொண்டுபோங்கள். இங்கேயே ஸ்டாப்காக்கைத் திறக்க வேண்டும். கட்டியைத் தாண்டிப் போய்விட்டுத் திறப்பவர்கள் உண்டு. போகிற வழியிலேயே கட்டியைக் குத்தி உடைத்துக் கீழே தள்ளிவிடுகிறார்கள்.

திறந்ததும் ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் சிரிஞ்சை மட்டும் பார்க்க வேண்டும். ரத்தம் சீராக உள்ளே வரும். குழாயை மெதுவாக, நொடிக்கு ஓரிரு மி.மீ. என்ற அளவில் முன்னே நகர்த்துங்கள். கட்டியைத் தொட்டதும் சிரிஞ்சில் ரத்தம் திக்கித் திக்கி வரும், சில சமயம் அப்படியே நின்றுவிடும். சிரிஞ்சு பார்ப்பவர் உடனே ‘நின்னுடுச்சு’ என்று சொல்ல வேண்டும். கட்டி வாயில் கவ்விக்கொண்டது என்று அர்த்தம். இனி முன்னே தள்ளக் கூடாது, சிரிஞ்சைக் கழற்றக் கூடாது, ஸ்டாப்காக்கை மூடக் கூடாது. வெற்றிடம் அப்படியே இருக்க, குழாய் முழுவதையும் ஒரே சீராக வெளியே இழுங்கள். அப்போது கைடின் வாய் இதயக் குழாயின் வாயில் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். கைடு நழுவி மகாதமனிக்குள் தொங்கிக்கொண்டிருந்தால், கவ்விய கட்டி வாசலில் உதிர்ந்து மகாதமனிக்குள் விழும். அங்கிருந்து மூளைக்குப் போக ஒரு துடிப்பு போதும். எல்ஏடியிலிருந்து இழுக்கும்போது இன்னொரு ஆபத்து, கட்டி லெஃப்ட் மெயினில் (எல்ஏடி பிரியும் தாய்க் குழாய்) உதிர்ந்து அதன் இன்னொரு கிளையான சர்க்கம்ஃப்ளெக்ஸுக்குள் போவது. ஒரு குழாய் அடைப்போடு வந்தவர் இரண்டு அடைப்போடு மேசையில் கிடப்பார்.

குழாய் வெளியே வந்ததும் அவசரப்பட்டு டை (படத்தில் குழாயைக் காட்டும் சாயம்) அடிக்காதீர்கள். கைடின் வெளிமுனையில் உள்ள ஒய் கனெக்டரைத் திறந்து ரத்தம் பீறி வர விடுங்கள், கைடிலிருந்தும் சிரிஞ்சால் 5, 10 மி.லி. இழுத்துப் பாருங்கள். திரையில் அழுத்த அலை மட்டையாக இருந்தாலோ ரத்தம் திரும்பி வரவில்லை என்றாலோ கைடுக்குள் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் டை அடிப்பது அந்தக் கட்டியைத் துப்பாக்கியில் போட்டுச் சுடுவதற்குச் சமம். சிரிஞ்சால் உறிஞ்சியபடியே கைடையும் சேர்த்து வெளியே எடுங்கள், வயரைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள்.

சிரிஞ்சு ரத்தத்தைச் சல்லடையில் ஊற்றிச் சலைனால் அலசுங்கள். வெள்ளையாக, குழைந்த சோற்றுப் பருக்கை மாதிரி வருவது தட்டணுக் கட்டி. கருஞ்சிவப்பில் சின்ன ஈரல் துண்டு மாதிரி வருவது நேரம் கடந்த சிவப்புக் கட்டி. எதுவும் வரவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் உட்பக்கத்தையும் பீய்ச்சிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேதான் சிக்கியிருக்கும். பீய்ச்சிக் கழுவாமல் அதே குழாயை மறுபடி உள்ளே விடக் கூடாது. இரண்டு மூன்று முறை போதும். ஒவ்வொரு சிரிஞ்சும் 20, 30 மி.லி. ரத்தம், ஏற்கெனவே சோகை உள்ளவரிடம் ஐந்தாறு முறை இழுத்தால் அது கணக்கில் வரும். மூன்று முறை இழுத்தும் கட்டி அசையவில்லை என்றால் அது பழையது, அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

ஓட்டம் வராவிட்டால்

கட்டி வந்துவிட்டது, குழாய் திறந்துவிட்டது, ஆனாலும் டை நகராமல் நிற்கிறது. நுண்குழாய்கள் அடைபட்டோ சுருங்கியோ இருக்கின்றன. இங்கே பலரும் செய்யும் பிழை, மருந்தைக் கைடு வழியாகவே கொடுப்பது. ஓட்டமே இல்லாத குழாயின் வாசலில் விட்ட மருந்து உள்ளே போகாது, மகாதமனிக்கோ பக்கத்துக் குழாய்க்கோதான் போகும். உறிஞ்சு குழாயையோ மைக்ரோ கதீட்டரையோ கீழ்ப்பகுதிவரை கொண்டுபோய் அதன் வழியாகக் கொடுங்கள். நைட்ரோப்ருசைட் 50 முதல் 200 மைக்ரோகிராம், அல்லது அடினோசின் 50 முதல் 200 மைக்ரோகிராம், அல்லது வெரபமில் 100 முதல் 250 மைக்ரோகிராம், பதிலைப் பார்த்துப் பார்த்து. நைட்ரோப்ருசைட் வெளிச்சத்தில் கெடும், சிரிஞ்சைக் காகிதத்தால் சுற்றுங்கள். அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருந்தால் இவை எல்லாமே அதை இன்னும் இறக்கும். அங்கே அட்ரினலின்தான்: 1 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 10 மைக்ரோகிராம். அதிலிருந்து 50 மைக்ரோகிராமில் தொடங்குங்கள். இரண்டு முறை கலப்பதில் ஒரு முறை மறந்தால் பத்து மடங்கு போகும், ஆகவே சிரிஞ்சில் ஒட்டி எழுதுங்கள்.

கட்டி இன்னும் மிச்சம் என்றால் டைரோஃபிபான் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் போலஸ், பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் ஓட்டும் அளவைப் பாதியாக்குங்கள். சில மணி நேரத்துக்கு முன் கரைக்கும் ஊசி போட்டு வந்தவரிடம் இதை முடிந்தவரை தவிருங்கள்; ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

வலது கரோனரி திறந்ததும் துடிப்பு 30, 40-க்கு இறங்குவது வழக்கம். அட்ரோபின் 0.6 மி.கி. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும்.

ஸ்டென்ட் அளவெடுக்கும் முன் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் குழாய்க்குள் கொடுங்கள், அழுத்தம் அனுமதித்தால். 5 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் ஒரு மி.லி.யில் 100 மைக்ரோகிராம். மாரடைப்பு நேரத்தில் குழாய் சுருங்கிக் கிடக்கும், ஓரத்தில் கட்டி ஒட்டியிருக்கும், 3.5 மி.மீ. குழாய் 2.75 போலத் தெரியும். அதை நம்பிச் சின்ன ஸ்டென்ட் வைத்தால், குழாய் விரிந்த பிறகு ஸ்டென்ட் சுவரைத் தொடாமல் நிற்கும், அந்த இடைவெளியில் அடுத்த கட்டி உருவாகும். முடிந்தால் முன்னும் பின்னும் பலூன் ஊதாமல் நேராக ஸ்டென்ட் வையுங்கள். பலூன் ஊதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துகள் கீழே போகும்.

வார்டுக்கு அனுப்பும் சீட்டில் எத்தனை முறை உறிஞ்சினீர்கள், என்ன வந்தது, கடைசி ஓட்டம் எந்த அளவு, ஹெபரின் மொத்தம் எவ்வளவு என்பவை இருக்க வேண்டும். உறிஞ்சப்பட்ட நோயாளியிடம் இரவுச் செவிலியர் மணிக்கட்டுப் பட்டையையும் இசிஜியையும் பார்ப்பதோடு, முதல் நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று காரியம் செய்யச் சொல்ல வேண்டும்: சிரிக்கட்டும், இரண்டு கையையும் தூக்கட்டும், சொந்த ஊரின் பெயரைச் சொல்லட்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே தலைக்கு சிடி எடுக்க அனுப்புங்கள்.